நிறமும் நேர்மையும்

நிழற்படம் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கை எம் மக்களிடையே இன்றும் வலுவாகவே இருக்கின்றது. ஓவியன் தீட்டிய முகத்தை ஐயுறுபவரும் கமரா எடுத்த முகத்தை ஐயுறுவதில்லை. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, திருமணப் பேச்சு, மரண அறிவித்தல், பத்திரிகைச் செய்தி, நீதிமன்றச் சான்று ஆகிய அனைத்திலும் படமே ஆளுக்குப் பதிலாக நின்று பேசுகின்றது. ஆயின், கமராவின் வில்லைக்கும் நாம் கையில் ஏந்தும் தாளுக்கும் இடையில் இன்று ஒரு கணினித் திரை வந்து அமர்ந்துள்ளது. அத்திரையின் முன்னே ஒருவர் இருந்து, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும், நிறத்தை ஏற்றியும் இறக்கியும், தாம் சரியெனக் கருதும் நிலைக்குப் படத்தைக் கொண்டுவருகின்றார். அவர் திருத்துவது எதனை? படத்தின் குறையையா, திரையின் குறையையா?

இது தொழில்நுட்பம் பற்றிய வினா என்று கூறி இதனை ஒதுக்கிவிடல் எளிது. நாமோ இதனை அறம் பற்றிய வினாவாகவே கொள்கின்றோம். பிறரது முகத்தை உலகிற்குக் காட்டும் பொறுப்பை ஏற்றவர், அதற்கு முன்னர் தமது பார்வையைச் சோதித்துக்கொள்ளக் கடமைப்பட்டவரா? கடமைப்பட்டவராயின், எந்த அளவுகோலைக் கொண்டு சோதிப்பது? அந்த அளவுகோலையே சோதிக்கும் உரிமை யாருக்கு உண்டு? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் கண்ணைப் பற்றிச் சிறிது நோக்குவோம். மனிதக் கண் வியத்தகு கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால், அதன் சிறப்பே அதன் குறையுமாகும். எண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளியிலும் உச்சி வெயிலிலும் வெள்ளை வேட்டி எமக்கு வெள்ளையாகவே தோன்றுகின்றது. வேட்டியிலிருந்து கண்ணை வந்தடையும் ஒளி இரு வேளைகளிலும் பெரிதும் வேறுபட்டது. ஆயினும் கண்ணும் மூளையும் சேர்ந்து அவ்வேறுபாட்டைக் கழித்துவிடுகின்றன. சூழ்ந்திருக்கும் ஒளியில் மிக வெண்மையானது எதுவோ அதனையே வெண்மை எனக் கொள்ளுதல் கண்ணின் இயல்பு. உயிர் வாழ்வதற்கு இவ்வியல்பு இன்றியமையாதது. விடியலிலும் அந்தியிலும் காயையும் கனியையும் வேறுபிரித்து அறிய இதுவே எமக்கு உதவிற்று. ஆனால் தீர்ப்பு வழங்குவதற்கு இவ்வியல்பு இடையூறாகின்றது. நீலம் ஏறிய திரையின் முன் சிறிது நேரம் இருப்பின், அந்த நீலமே வெண்மையாகிவிடும். கோளாறு கண்ணுக்குப் பழகிவிட்டது என்பதுகூட அதன் பின் தெரியாது. தன் மயக்கத்தைத் தானே கண்டுபிடிக்கும் ஆற்றல் கண்ணுக்கு இல்லை.

இனித் திரையின் நிலையைப் பார்ப்போம். கடையில் வாங்கும் கணினித் திரைகள் பல தேவைக்கு மிஞ்சிய பிரகாசத்துடனும் நீலச் சாயலுடனும் எம்மை வந்தடைகின்றன. பளிச்சென்ற விளக்குகளின் கீழே பல திரைகளுக்கிடையில் வைக்கப்படும்போது வாங்குபவரின் கண்ணைக் கவர்வதே அவற்றின் முதற்கடமையாக விதிக்கப்பட்டிருக்கின்றது. உள்ளதைக் காட்டுதல் இரண்டாம் பட்சமாகிவிடுகின்றது. இத்தகைய திரையை நம்பிப் படத்தைத் திருத்துபவர் என்ன செய்வார்? திரை மிகைப் பிரகாசமுடையதாகையால், படம் வெளிறித் தோன்றுகின்றதென எண்ணி அதனைக் கறுப்பாக்குவார். அச்சில் அது இருண்டுபோகும். திரை நீலமாகையால் முகத்திற்கு மஞ்சள் சேர்ப்பார். அச்சிலே அம்முகம் காமாலை கண்டவரின் முகம் போலத் தோன்றும். இங்கு உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. திரையின் பிழை அப்படியே படத்திற் பதிவதில்லை, தலைகீழாகப் பதிகின்றது. திருத்துபவர் எவ்வளவு கவனமாக உழைக்கின்றாரோ அவ்வளவுக்கு அப்பிழை படத்தினுள்ளே ஆழமாகச் செல்கின்றது. நல்லெண்ணமும் உழைப்பும் மட்டும் ஒருவரைத் தவறிலிருந்து காக்கமாட்டா என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இக்குறையைப் போக்கும் முறைக்குத் தொழில் செய்வோர் கலிபிரேஷன் என்று பெயர் கூறுவர். நாம் அதனை அளவுதிருத்தம் எனலாம். தரப்படுத்தல் என மொழிபெயர்க்கவும் இடமுண்டு. ஆனால் 1970களின் முற்பகுதியிற் பல்கலைக்கழக அனுமதிக்காக மாணவரின் புள்ளிகளை மொழிவாரியாகச் சரிக்கட்டிய முறைக்கு இலங்கைத் தமிழர் மத்தியில் அச்சொல் நிலையான பெயராகிவிட்டது. ஆகவே அதனை இங்கு தவிர்த்தோம்.

அளவுதிருத்தம் நடைபெறும் விதம் எளியது. திரையை முதலில் அரைமணி நேரமேனும் எரியவிட்டு, அதன் ஒளி நிலைபெறக் காத்திருக்க வேண்டும். பின்னர் நிறமானி என்னும் சிறு கருவியைத் திரையின் முகத்திற் பொருந்துமாறு தொங்கவிடுவர். கணினி ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் முதலிய நிறக் கட்டங்களைத் திரையில் எழுப்பும். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் வரும் ஒளியைக் கருவி அளக்கும். எழுப்புமாறு கேட்ட நிறம் எது, உண்மையில் எழுந்த நிறம் எது, இரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பன இவ்வாறு தெரியவருகின்றன. பொதுவாக நாடப்படும் இலக்குகள் மூன்று. வெண்மை, டி65 எனப்படும் பகலொளி நியமத்தை ஒத்து, ஏறத்தாழ 6500 கெல்வின் நிறவெப்பநிலையில் இருத்தல் வேண்டும். கருமையிலிருந்து வெண்மைக்கு ஒளி ஏறிச்செல்லும் வளைவு, காமா 2.2 என்னும் அளவை ஒட்டியிருத்தல் வேண்டும். பிரகாசம், சதுர மீற்றருக்கு 120 கண்டெலா அளவில் அமைதல் வேண்டும். அறையின் வெளிச்சத்துக்கேற்ப இது சிறிது கூடலாம், குறையலாம். அறையின் சுவரும் சாம்பல் போன்ற நடுநிலை நிறத்தில் இருப்பது நன்று. திருத்துபவர் அணிந்திருக்கும் சிவப்புச் சட்டைகூடத் திரையில் எதிரொளித்து அவரை ஏமாற்றக்கூடும்.

இம்முறையில் இரு படிகள் உள்ளன. அவற்றை வேறுபிரித்து அறிதல் எமது நோக்கிற்கு முக்கியமானது. திருத்தக்கூடியதைத் திருத்துவது முதற்படி. பிரகாசத்தைக் குறைப்பதும் நீலச் சாயலை அகற்றுவதும் இதில் அடங்கும். திருத்த இயலாததைப் பதிவுசெய்வது இரண்டாம் படி. எந்தத் திரையும் எல்லா நிறங்களையும் காட்டவல்லதன்று. ஆழ்ந்த பச்சையும் நீலப்பச்சையும் பல திரைகளின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அக்குறையை மறைக்காது, இத்திரை இந்நிறத்தில் இவ்வளவு பிறழும் என்று எழுதி ஒரு விவரக்கோவையாகக் கணினியில் வைத்துவிடுகின்றனர். புரொபைல் என்பது அதன் பெயர். படத்தைக் காட்டும் மென்பொருள் அக்கோவையைப் படித்து, திரையின் பிறழ்ச்சியைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றது. வெவ்வேறு கருவிகளிடையே இக்கோவை பொதுமொழியாக இயங்கவேண்டுமென்று கருதியே, 1993இல் எட்டு நிறுவனங்கள் கூடிச் சர்வதேச வர்ணக் கூட்டமைப்பை நிறுவின.

குற்றமற்ற கருவி உலகில் இல்லை. தன் குற்றத்தின் அளவை அறிந்து வெளிப்படுத்தும் கருவி உண்டு, அதனை நம்பலாம். மனிதருக்கும் இது பொருந்தும் என்று நாம் கருதுகின்றோம். சார்பற்றவன் நான் என்று பறைசாற்றும் எழுத்தாளனைவிட, என் சார்பு இது, என் பார்வை எட்டாத இடம் இது என்று முன்கூட்டியே கூறுபவன் நம்பத்தக்கவன். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் சான்றோரைத் துலாக்கோலுக்கு ஒப்பிடுகின்றது. அக்கோல் முன்னே தான் சமனாக நின்று, பின்னரே தன்மேல் வைத்த பொருளின் பாரத்தைக் காட்டும் என்று பரிமேலழகர் அதற்கு விளக்கம் தருவார். எடை போடுதற்கு முன்னர்த் தட்டுகள் இரண்டும் வெறுமையாய்ச் சமன் நிற்கின்றனவா என்று பார்க்கும் சந்தை வியாபாரியும், படத்தைத் தொடுவதற்கு முன்னர்த் திரையை அளப்பவரும் செய்வது ஒரே செயலே. அச்செயல் ஒரு நாளில் முடிந்துவிடுவதுமன்று. திரையின் விளக்குகள் மூப்படைந்து நிறம் மாறுகின்றன. எனவே மாதத்துக்கு ஒரு முறையேனும் மீண்டும் அளக்கவேண்டும் என்பது தொழிலறிந்தோர் கூறும் விதி.

இங்கு கலைஞர் சிலர் மறுப்புக் கூறக்கூடும். "கலை எண்களுக்கு அடிமையன்று, மாலை வெயிலை இன்னும் பொன்னிறமாக்க எனக்குச் சுதந்திரம் உண்டு, உண்மை என்பது உணர்விலே இருக்கின்றது, கெல்வினில் அன்று" என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. மாலை வெயிலைப் பொன்னாக்கும் உரிமையை எவரும் மறுக்கவில்லை. ஆயின், மாற்றுவதற்கு உரிமை கேட்பவர், தாம் எதனை எவ்வளவு மாற்றுகின்றார் என்பதை அறிந்திருக்க வேண்டாமா? சுருதி சேர்க்காத வீணையில் அபசுரம் எழுந்தால் அதனை வித்துவானின் கற்பனை என்று எவரும் போற்றுவதில்லை. சுருதி சேர்ந்த பின்னரே கற்பனைக்கு இடம் பிறக்கின்றது. அளவுதிருத்தம் கலைஞரின் சுதந்திரத்தைக் குறைப்பதில்லை. அது பறிப்பது வேறொன்றை. திரை அப்படிக் காட்டிற்று, நான் என்ன செய்வேன் என்று கூறித் தப்பும் வழியையே அது அடைக்கின்றது.

இதனை எமது ஊர் வழக்கமொன்றால் விளக்கலாம். திருமணப் பேச்சுக்கென எடுக்கும் பெண்ணின் படத்தை ஓரிரு படிகள் வெளுப்பாக்கிக் கொடுக்கும் வழக்கம் எமது நகரங்களின் ஸ்ரூடியோக்களில் நெடுங்காலமாக உண்டு. அக்காலத்தில் எதிர்மறைப் படத்தின்மீது பென்சிலால் தீட்டிச் செய்ததை இக்காலத்திற் சுட்டியின் ஓர் அசைவிலே செய்துவிடுகின்றனர். பல சமயங்களில் எவரும் கேட்காமலே இது நடைபெறுகின்றது. பெண்ணின் தாயாரும் அதனை உதவியாகவே கொள்கின்றார். திரை அளவு பிசகியிருக்கும்வரை இதனைத் தற்செயல் என்று சொல்லலாம். வெளிச்சத்தின் குறை என்றும் சொல்லலாம். திரை நேராக்கப்பட்ட பின்னர் அவ்வாறு சொல்ல இயலாது. முகத்தின் மாநிறம் திரையில் உள்ளபடி தெரிகின்றது. அதனை வெளுப்பாக்க விரும்பும் கை எவருடையது என்பதும் தெளிவாகத் தெரிகின்றது. கருவியின் பிழையைக் கழித்த பின்னர் எஞ்சியிருப்பது எமது பிழையே. சீதனமும் சாதியும் நிறமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சமுதாயத்தின் பிழை, ஒரு தொழிலாளியின் விரல் வழியே படத்தில் இறங்குகின்றது. அவரை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. அவர் எதிரே வாடிக்கையாளரும், வாடிக்கையாளர் பின்னே சம்பந்திகளும் நிற்கின்றனர்.

இனி இரண்டாவது மறுப்புக்கு வருவோம். இது முன்னையதிலும் வன்மையானது. அந்த 6500 கெல்வினையும் 2.2ஐயும் வகுத்தவர் யார்? அளவுகோல் வானத்திலிருந்து இறங்கிவந்ததா? நிச்சயமாக இல்லை. நிறத்தை எண்ணால் அளக்கும் உலகப் பொதுமுறை, சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு 1931இல் ஏற்றுக்கொண்ட நியம நோக்குநர் என்னும் கருத்தின்மீது எழுந்தது. இன்று யாழ்ப்பாணத்தில் ஒரு திரையை அளக்கும் கருவியும் தோக்கியோவில் அளக்கும் கருவியும் அந்நோக்குநரின் கண்களாலேயே காண்கின்றன. இங்கிலாந்தில் டபிள்யூ. டி. றைட் சோதித்த பத்துப் பேர், ஜோன் கில்ட் சோதித்த ஏழு பேர், ஆகப் பதினேழு பேருடைய பார்வையிலிருந்து கணிக்கப்பட்டவையே அக்கண்கள். உலகத்தின் கண்ணாகப் பதினேழு பேர் அமைந்தனர். கணினிகளிற் பெரும்பாலும் வழங்கும் எஸ்ஆர்ஜிபி என்னும் நிறவெளியோ, 1996இல் ஹியூலெற் பக்கார்ட், மைக்ரோசொப்ட் என்னும் இரு அமெரிக்க நிறுவனங்கள் முன்வைத்து, 1999இற் சர்வதேச நியமமாக்கப்பட்டது.

இதனைக் கேட்டவுடன், அளவுகள் யாவும் ஆதிக்கத்தின் சூழ்ச்சி என்று முடிவுகட்டுவோரும் உளர். அவ்வளவு விரைந்து முடிவுகட்டுதல் தகாது. பதினேழு பேரே எனினும், அவர்களிடமிருந்து பெற்ற கணக்கு பயன்படத்தக்கதாகவே நின்றது. நீலப் பகுதியில் அதற்கிருந்த குறையையும் 1951இல் ஜட் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துக்காட்டித் திருத்தம் முன்மொழிந்தார். அகன்ற பார்வைக்கோணத்துக்கென 1964இல் மற்றொரு நியம நோக்குநரும், மேலும் பலரைச் சோதித்ததன் பயனாக வகுக்கப்பட்டது. தவறு காணப்பட்டதும் அளவினாலேயே, திருத்தப்பட்டதும் அளவினாலேயே. மனிதர் கூடி வகுத்தமையால் மாத்திரம் ஓர் அளவு பொய்யாகிவிடுவதில்லை. மீற்றரும் கிலோகிராமும்கூட மனிதர் வகுத்தவையே.

ஆயினும் அளவுகோலின் பெயரால் அநீதி நிகழ்ந்த வரலாறும் உண்டு. அமெரிக்காவின் கொடாக் நிறுவனம் வர்ணப் படச்சுருளின் விலையோடு கழுவும் கூலியையும் சேர்த்து விற்றுவந்தது. 1954இல் அரசாங்கத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டினால் அவ்வழக்கத்தைக் கைவிட நேர்ந்தது. அதன் பின், படங்களைக் கழுவி அச்சிடும் வெளிக்கூடங்கள் தத்தம் இயந்திரங்களைச் சரிபார்த்துக்கொள்வதற்கென ஒரு மாதிரி அட்டையை அந்நிறுவனம் அனுப்பலாயிற்று. நிறக் கட்டங்களோடு ஒரு பெண்ணின் படமும் அதில் இருந்தது. அம்மாதிரிகளுள் முதல்வியின் பெயர் கொண்டு அதனை ஷேர்லி அட்டை என்றனர். பல ஆண்டுகளாக அட்டையிற் பெண்கள் மாறினர்; வெள்ளைத் தோல் மாறவில்லை. அவளது தோல் அழகாக வந்துவிட்டால் இயந்திரம் சரி என்பது விதியாயிற்று. அட்டைக்கு அடிப்படையான படச்சுருளே வெளிர் நிறத் தோலை நோக்கிச் சமன் செய்யப்பட்டிருந்தது. இதனால் வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் அருகருகே நின்ற வகுப்புப் படங்களில், ஒரு பிள்ளையின் முகம் தெளிவாக வர, மற்றப் பிள்ளையின் முகம் கண்ணும் பல்லும் தவிர வேறொன்றும் தெரியாத இருளாகிற்று. கனடாவின் கொன்கோர்டியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் லோர்னா றொத் 2009இல் வெளியிட்ட ஆய்வு இவ்வரலாற்றை விரிவாகக் கூறுகின்றது. படச்சுருளைத் திருத்துவதற்குத் தூண்டுதலாயிருந்தவை எவை என்பதும் அவ்வாய்விலிருந்து தெரியவருகின்றது. சொக்கலேற்றுகளின் நிறவேறுபாடு விளம்பரத்தில் தெரியவில்லை என்று இனிப்பு உற்பத்தியாளர் முறையிட்டனர். மரங்களின் நிறவேறுபாடு தெரியவில்லை என்று தளபாட உற்பத்தியாளர் முறையிட்டனர். பிள்ளைகளின் முகத்துக்கு இரங்காத தொழிற்கூடம் மேசை நாற்காலிக்கு இரங்கிற்று. பல இனப் பெண்கள் சேர்ந்து தோன்றும் கொடாக் அட்டை 1990களின் நடுவிலேயே வந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கறுப்பு முகம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று விரும்பியவர்களும் அக்காலத்தில் இருந்தனர். அவர்களுள் ஒருவர் தென்னாபிரிக்க நிறவெறி அரசு. கறுப்பின மக்களைத் தம் நாட்டிலேயே அந்நியராக்கிய கடவைப் புத்தகங்களுக்குப் படங்கள் தேவைப்பட்டன. பொலறொயிட் நிறுவனத்தின் ஐடி-2 என்னும் அடையாளப் படக் கமராவில் மின்னொளியை மிகுவிக்கும் ஒரு பொத்தான் இருந்தது. கருந்தோல் புலப்படுவதற்கு அது உதவிற்று என்று பிற்காலத்தோர் சுட்டியுள்ளனர். தங்கள் நிறுவனத்தின் பொருள் இவ்வாறு பயன்படுவதை 1970இற் கண்டறிந்த கரொலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்னும் இரு கறுப்பினத் தொழிலாளர் அமெரிக்காவிலே எதிர்ப்பியக்கத்தைத் தொடங்கினர். ஹண்டர் வேலையை இழந்தார். ஆயினும் போராட்டம் ஓயவில்லை. 1977இல் பொலறொயிட் தென்னாபிரிக்காவிலிருந்து வெளியேறிற்று. தெளிவாகப் படம் பிடித்தல் தன்னளவிலே நீதியாகிவிடாது என்பதை இந்நிகழ்ச்சி எமக்குக் கற்பிக்கின்றது. யார், யாரை, எதன்பொருட்டுக் காண்கின்றனர் என்ற கேள்வி எக்காலத்தும் எஞ்சியே நிற்கும்.

இவ்விரு செய்திகளையும் ஆராயும்போது ஒரு வேறுபாடு புலப்படுகின்றது. அளவு வேறு, மாதிரி வேறு. இந்தச் சாம்பல் கட்டத்திலிருந்து இவ்வளவு ஒளி வருகின்றது என்பது அளவு. இந்தப் பெண்ணின் தோல் அழகாக வந்தால் எல்லாம் சரி என்பது மாதிரி. அளவு, இருப்பதைச் சொல்கின்றது. மாதிரி, எது விரும்பத்தக்கது என்பதைச் சொல்கின்றது. மாதிரிகள் எல்லாம் தீயவை என்று நாம் கூறவில்லை. மாதிரி ஒன்று அளவின் உடையை அணிந்து வரும்போதே தீங்கு தொடங்குகின்றது. ஷேர்லி அட்டை ஒரு கூட்டத்தாரின் விருப்பத்தை இயந்திரத்தின் விதியாகக் காட்டிற்று. கூடத்திலிருந்த தொழிலாளி தாம் ஒரு சார்பை நிறைவேற்றுகின்றோம் என்று உணரவேயில்லை. இயந்திரத்தைச் சரிபார்க்கின்றோம் என்றே நம்பினார். ஆதிக்கம் நிலைத்திருப்பது பெரும்பாலும் இத்தகைய நம்பிக்கைகளினாலேயே. புள்ளிகளைச் சரிக்கட்டிய கணக்கு ஒன்றினால் தமது பல்கலைக்கழகக் கதவு அடைபட்டதைக் கண்ட எமது பெற்றோரின் தலைமுறைக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே இங்கு இரு தவறுகள் எம்மை எதிர்நோக்கி நிற்கின்றன. அளவுகோலைத் தெய்வமாக்கி, அதனை வகுத்தவரின் சார்பையும் சேர்த்து வணங்குதல் ஒன்று. அளவுகோலில் ஒரு சார்பைக் கண்டவுடன் அதனை வீசியெறிந்து, இனி என் கண்ணே போதும் என்றிருத்தல் மற்றொன்று. இரண்டாவது தவறு முற்போக்காளர் பலரைக் கவரக்கூடியது. எனவே அதுபற்றி அதிகம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். கண்ணை மாத்திரம் நம்பியிருந்தால், கறுப்புப் பிள்ளைகளின் முகம் இருண்டது படச்சுருளின் குற்றம் என்று எவ்வாறு நிறுவியிருக்க முடியும்? அண்மைக்கால உதாரணம் ஒன்றையும் கூறலாம். முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா என்று கூறும் கணினி மென்பொருள்கள் சிலவற்றை ஜோய் புவொலம்வினி, ரிம்னிற் கெப்ரு என்னும் இரு பெண் ஆய்வாளர் 2018இற் சோதித்தனர். வெளிர்நிற ஆண்களில் உச்சப் பிழை நூற்றுக்கு 0.8 ஆயிருக்க, கருநிறப் பெண்களில் அது 34.7 வரை சென்றது என்பதை அவர்கள் எண்ணிக் காட்டினர். அநீதியை அளந்து காட்டியமையாலேயே நிறுவனங்கள் பதில் கூறவேண்டியதாயிற்று. ஒடுக்கப்பட்டோருக்கு அளவுகோல் பகையன்று. தமது கைக்கு எட்டாத அளவுகோலே அவர்களுக்குப் பகையாகும்.

கைக்கு எட்டுதல் என்று கூறுமிடத்துப் பொருளாதாரமும் குறுக்கிடுகின்றது. நிறமானி இறக்குமதிப் பொருள். சிறுநகர் ஸ்ரூடியோக்காரருக்கு அதன் விலை சுமையே. நேர்மையாயிருக்க வேண்டும் என்று உபதேசித்துவிட்டு, அதற்கு வேண்டிய கருவியை வசதியுடையோரின் கையில் விட்டுவிடுதல் வெறும் போதனையாகவே முடியும். ஆனால் ஒரு திரைக்கு அக்கருவி தேவைப்படுவது மாதத்தில் ஒரு மணித்தியாலமே. ஒரு கருவி ஒரு பட்டினத்து ஸ்ரூடியோக்கள் அனைத்துக்கும் போதுமானது. கூட்டுறவுச் சங்கங்களையும் சனசமூக நிலையங்களையும் கட்டி வளர்த்த எமது சமூகத்துக்கு, பத்துப் பேர் சேர்ந்து ஒரு கருவியை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துதல் அரிய காரியமன்று. அதுவரையிலும் செய்யக்கூடியவை சில உண்டு. திரையின் பிரகாசத்தைக் குறைக்கலாம். இரவில் மஞ்சளாக்கும் வசதியை நிறுத்திவைக்கலாம். யன்னல் வெயில் திரையில் விழாதவாறு மறைக்கலாம். நல்லதெனத் தெரிந்த ஓர் அச்சுப் படத்தை அருகில் வைத்து ஒப்புநோக்கலாம். இவை கருவிக்கு ஈடாகமாட்டா. எனினும், என் கண் தவறக்கூடும் என்ற நினைவை இவை ஒவ்வொரு நாளும் புதுப்பிக்கும்.

இவ்வளவு முயற்சி ஒரு நிறத்துக்காகவா என்று சிலர் வினவக்கூடும். எமது நாட்டில் இவ்வினாவுக்கு விடை வீதியோரத்திலே இருக்கின்றது. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிலே தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தைப் பார்த்தவர் அறிவர். அத்தாய்மார் கைகளில் ஏந்தியிருப்பவை படங்களே. அடையாள அட்டையிலிருந்தோ, பாடசாலைப் பதிவிலிருந்தோ, உறவினர் ஒருவரின் திருமணக் கூட்டப் படத்திலிருந்தோ வெட்டியெடுத்துப் பெருப்பித்த முகங்கள் பல. பழைய வர்ணப் படங்களிற் சாயங்கள் ஒரே சீராக மங்குவதில்லை. பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் முந்தி மங்க, முகம் செம்மை ஏறி நிற்கும். அதனை மீட்டெடுப்பவர் ஒரு சிறு கடையிலே திரையின் முன் இருக்கும் இளைஞர். அவர் அம்முகத்தை நேரிற் கண்டவரல்லர். ஒப்புநோக்க ஆளும் இல்லை. மூலப் படமும் சிதைந்தது. அந்நிலையில் அவர் தெரியும் நிறமே அம்முகத்தின் நிறமாக இனி நிலைக்கப்போகின்றது. திரை பிசகியிருந்தால் அல்லது அழகென்ற பெயரால் அவர் சிறிது வெளுப்பாக்கினால், தாய் தன் கையில் ஏந்துவது தன் பிள்ளையைச் சிறிதே ஒத்த வேறொருவனின் முகமாகும். முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அச்சாகும் முகத்துக்கும் இதுவே நியதி. எதிர்த்துப் பேச இயலாதவர்களின் முகங்களே எமது நேர்மையைப் பெரிதும் வேண்டி நிற்கின்றன.

பிறரைக் காட்டுவோருக்குத் தம் பார்வையைச் சோதிக்கும் கடமை உண்டு. அச்சோதனைக்குத் தமக்குப் புறம்பான ஓர் அளவு வேண்டும். அவ்வளவை வகுத்தோர் எவர் என்று கேட்கும் உரிமை, அதனால் அளக்கப்படுவோர் அனைவர்க்கும் உண்டு. தொடக்கத்தில் எழுப்பிய மூன்று வினாக்களுக்கும் எமது விடை இதுவே. இவற்றுள் ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கொள்ளுதல் இயலாது. எழுதுகோலைப் பிடித்தோருக்கும், சுட்டுப்பலகையின் முன் நிற்போருக்கும், செய்தியைத் தெரிந்து வெளியிடுவோருக்கும் இக்கடமை ஒன்றே. திரையை நேராக்கிய பின்னர் அதில் மாநிறமாகத் தோன்றும் முகத்தை மாநிறமாகவே விட்டுவைக்கும் துணிவு, அதற்கடுத்து எம்மில் ஒவ்வொருவரிடமும் எதிர்பார்க்கப்படுகின்றது. அத்துணிவை எந்தக் கருவியும் அளித்துவிடாது; நாமே அதனை வளர்த்தல் வேண்டும்.